கெட் – காட் – காட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாகப் புழங்கும் வினைச்சொற்களை எண்ணி வரிசைப்படுத்தினால், 'கெட்' முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். மூன்றே எழுத்து: ஜி, இ, டி. தமிழ் வழியாக ஆங்கிலம் கற்பவர்களை இந்த அளவுக்குத் தடுமாறவைக்கும் சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளாக மாணவர்கள் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தருகிறேன்.

அகராதியில் 'கெட்' என்றால் 'பெறு' என்றுதானே இருக்கிறது? அதை வைத்தே சமாளிக்க முடியாதா?

கொஞ்ச தூரம் முடியும். அதற்குமேல் முடியாது. என்னிடம் படித்த ஒரு மாணவியின் நோட்டு இன்றும் கண்முன் நிற்கிறது. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதியிருந்தாள். 'ஐ காட் எ லெட்டர்' – நான் ஒரு கடிதம் பெற்றேன். சரி. 'ஹி காட் ஆங்ரி' – அவன் கோபம் பெற்றான். 'ஐ காட் ஹோம் லேட்' – நான் தாமதமாக வீடு பெற்றேன். கடைசி வரியை எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குறிதான் அந்தப் பக்கத்திலேயே மிகச் சரியான விஷயம். 'வீடு பெற்றேன்' என்பது இங்கே பொருந்தாது என்று அவளுடைய தமிழ்க் காது சொல்லியிருக்கிறது. அகராதி வேறு வழி காட்டவில்லை, அவ்வளவுதான்.

'கெட்' என்ற சொல்லுக்குள் ஓடும் பொருள் ஒன்றுதான்: முன்பு இல்லாத ஒன்று வந்து சேர்வது. வந்து சேர்வது பொருளாக இருக்கலாம், நிலையாக இருக்கலாம், இடமாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்வது 'கெட்' அல்ல, அதற்குப் பின்னால் நிற்கும் சொல். பின்னால் ஒரு பொருளின் பெயர் நின்றால் 'கிடைத்தது', 'வாங்கினேன்', 'கொண்டுவந்தேன்'. 'ஆங்ரி', 'டயர்ட்' போன்ற தன்மைச்சொல் நின்றால் 'ஆனது', 'வந்தது'. 'ஹோம்', 'டு தி ஸ்டேஷன்' என்று இடம் நின்றால் 'போய்ச் சேர்ந்தேன்'. ஆகவே 'கெட்' கண்ணில் பட்டதும் அதற்குத் தமிழ் தேடாதீர்கள். அடுத்த சொல்லைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

இதன் மூன்று வடிவங்கள் என்ன? காட் சரியா, காட்டன் சரியா?

நிகழ்காலம் 'கெட்'. அவன், அவள், அது என்றால் 'கெட்ஸ்'. இறந்தகாலம் 'காட்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றோடு வரும் மூன்றாம் வடிவம்தான் இரண்டாகப் பிரிகிறது. பிரிட்டனில் அதுவும் 'காட்'. அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்'. இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அமெரிக்க வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. 'ஷி ஹேஸ் காட் எ கார்' என்றால் அவளிடம் கார் இருக்கிறது. 'ஷி ஹேஸ் காட்டன் எ கார்' என்றால் அவள் கார் வாங்கியிருக்கிறாள். இருப்பதற்கு 'காட்', வந்து சேர்ந்ததற்கு 'காட்டன்'. பிரிட்டிஷ் வழக்கில் இரண்டுக்கும் 'ஹேஸ் காட்'தான், சூழலைப் பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

'காட்டன்' என்பது அமெரிக்கர்கள் கிளப்பிவிட்ட கொச்சை என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. பழைய வடிவமே அதுதான். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களோடு கடல் கடந்து போய் அங்கே நிலைத்துவிட்டது, பிறந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. முழுக்கத் தேயவும் இல்லை. தகாத வழியில் சேர்த்த சொத்தைப் பிரிட்டிஷார்கூட 'இல்-காட்டன்' என்றுதான் சொல்கிறார்கள்.

எழுதும்போது ஒரு கவனம்: 'கெட்டிங்' என்பதில் டி இரண்டு வரும்.

'ஐ டிட் நாட் காட்' என்று சொல்லலாமா? நடந்து முடிந்த விஷயம்தானே?

கூடாது. 'ஐ டிட் நாட் கெட்' என்பதே சரி. கேள்வியிலும் 'டிட் யூ கெட் இட்?' என்றுதான் வரும். 'டிட்' என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, இன்னொரு சொல் அதே சுமையைத் தூக்க வேண்டியதில்லை. தமிழிலும் இப்படித்தான் செய்கிறோம். 'வந்தேன்' என்பதில் காலம் இருக்கிறது. அதை மறுக்கும்போது 'வரவில்லை' என்கிறோம், 'வந்தவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'டிட் நாட்' வந்தால் 'வரவில்லை'யை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா வினைகளையும்போல 'கெட்டட்' என்று வைத்திருக்கக் கூடாதா? ஏன் இந்த ஒழுங்கின்மை?

இது ஒழுங்கின்மை அல்ல, பழைய ஒழுங்கு. ஆங்கிலத்தின் முன்னோர் மொழிகளில் பல வினைகள் உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டின. 'ஸிங், ஸேங், ஸங்' அந்த வகை. 'கெட், காட்' அதே வகை. 'எட்' சேர்க்கும் முறை மற்ற வினைகளையெல்லாம் பிடித்துக்கொண்டபோதும், தினமும் நூறு முறை வாயில் வரும் சொற்கள் அசையவில்லை. குழந்தை அவற்றை அவ்வளவு அடிக்கடி கேட்டுவிடுகிறது, விதிக்குக் காத்திருக்காமல் அப்படியே பிடித்துக்கொள்கிறது.

நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். 'அழு' என்றால் 'அழுதேன்', ஆனால் 'விழு' என்றால் 'விழுந்தேன்'. 'வா' என்றால் 'வந்தேன்'. 'பெறு' என்றால் 'பெற்றேன்'. இவற்றை நமக்கு யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை.

இந்தச் சொல்லின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 'கெட்' இங்கிலாந்து மண்ணில் முளைத்த சொல் அல்ல. அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'கெடா' என்று இருந்தது, சுமார் 1200ஆம் ஆண்டையொட்டி ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. ஆனால் இதன் உறவுக்காரச் சொற்கள் பழைய ஆங்கிலத்தில் முன்னொட்டோடு ஏற்கெனவே இருந்தன. ஒன்று 'ஃபர்கெட்': பிடியில் இருந்ததை நழுவவிடுவது, அதாவது மறப்பது. அதனால்தான் அதன் வடிவங்களும் 'ஃபர்காட், ஃபர்காட்டன்' என்று போகின்றன, பிரிட்டனிலும்கூட. இன்னொன்று 'பிகெட்': பிள்ளை பெறுவது. நம் 'பெறு' என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள் உண்டு. பரிசைப் பெறுகிறோம், பிள்ளையையும் பெறுகிறோம். 'பெற்றோர்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன.

'எனக்கு வேலை கிடைத்தது' என்பதைச் சொல்ல வரும்போது 'டு மீ' என்றுதான் வாயில் வருகிறது. எப்படி மாற்றுவது?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று நினைக்கிறேன். தமிழில் நமக்கு வந்து சேர்பவைதாம் எழுவாயாக நிற்கும், நாம் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்போம். எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்குப் பரிசு கிடைத்தது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேலையும் பரிசும் காய்ச்சலும் யோசனையும் நடந்து வருகின்றன, நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். ஆங்கிலம் இதைத் திருப்பிப் போடுகிறது. அங்கே ஆள்தான் எழுவாய். 'ஐ காட் எ ஜாப்', 'ஷி காட் எ ப்ரைஸ்', 'மை ப்ரதர் காட் எ ஃபீவர்', 'ஐ காட் அன் ஐடியா'.

இதற்கு வகுப்பில் நான் சொல்லும் வழி எளியது. வாக்கியத்தில் 'எனக்கு', 'அவளுக்கு' என்று வந்து, பின்னால் 'கிடைத்தது' அல்லது 'வந்தது' நின்றால், அந்த 'கு'வைக் கழற்றிவிட்டு ஆளை முன்னால் நிறுத்துங்கள். 'எனக்கு' 'ஐ' ஆகும், 'அவளுக்கு' 'ஷி' ஆகும், 'கிடைத்தது' 'காட்' ஆகும். எனக்கு நேரம் கிடைக்கவில்லை: 'ஐ டிட் நாட் கெட் தி டைம்'. உங்களுக்குச் செய்தி கிடைத்ததா: 'டிட் யூ கெட் தி மெசேஜ்?'.

ஆனால் எல்லா 'எனக்கு'க்கும் இது பொருந்தாது. 'எனக்குத் தெரியும்' என்பது ஒரு நிலை, ஆகவே 'ஐ நோ'. 'எனக்குப் பசிக்கிறது' என்பதும் நிலைதான், ஆகவே 'ஐ ஆம் ஹங்ரி'. பசி எடுத்தது, அதாவது இல்லாத பசி வந்தது என்றால்தான் 'ஐ காட் ஹங்ரி'. வந்து சேர்ந்த கணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'கெட்', இல்லையென்றால் வேறு வினை.

கேட்டிருப்பீர்கள், 'இட் காட் டு மீ' என்றும் ஒரு தொடர் உண்டு. 'அது எனக்குக் கிடைத்தது' என்று தமிழிலிருந்து நேராக மாற்றினால் இதில் போய் விழுவோம். அதன் பொருள் வேறு: அது என் மனத்தை வருத்திவிட்டது, பொறுக்க முடியாமல் போய்விட்டது.

யாரோ 'கேன் யூ கெட் மீ எ சேர்?' என்றார்கள். நாற்காலியை யார் யாரிடமிருந்து பெறுவது?

கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்கிறார்கள். போய், எடுத்து, திரும்பி வருவது என்ற மூன்றும் இந்த 'கெட்'டுக்குள் அடக்கம். கதவு தட்டப்படும்போதோ தொலைபேசி ஒலிக்கும்போதோ 'ஐ'ல் கெட் இட்' என்று ஒருவர் எழுந்தால், 'நான் பார்க்கிறேன்' என்கிறார்.

'பிகம்', 'கெட்' இரண்டுக்கும் 'ஆகு' என்றுதானே பொருள்? ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாமா?

தன்மைச்சொல்லுக்கு முன் பெரும்பாலும் போடலாம். 'ஹி பிகேம் ஆங்ரி' என்பது எழுத்து நடை, 'ஹி காட் ஆங்ரி' என்பது பேச்சு. 'இட்ஸ் கெட்டிங் லேட்' என்றால் நேரமாகிறது. 'ஷி இஸ் கெட்டிங் பெட்டர்' என்றால் உடம்பு தேறி வருகிறது. 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த 'கொண்டு வருகிறது' என்ற தமிழ் முடிவும் 'கெட்டிங்' என்பதும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

பெயர்ச்சொல்லுக்கு முன் போடவே கூடாது. 'அவர் டாக்டர் ஆனார்' என்பதற்கு 'ஹி காட் எ டாக்டர்' என்று சொன்னால், 'அவர் ஒரு டாக்டரை அழைத்துவந்தார்' என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். அங்கே 'ஹி பிகேம் எ டாக்டர்' என்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில தன்மைகளுக்கு ஆங்கிலம் வேறு வினையைப் பழக்கமாக்கி வைத்திருக்கிறது. நிறம் மாறினால் 'டர்ன்' அல்லது 'கோ'. பார்வை போனால் 'கோ ப்ளைண்ட்'. இவற்றுக்கு விதி தேடி அலைய வேண்டாம், கேட்டுப் பழக வேண்டியவை.

பழகுவது என்றதும் நினைவுக்கு வருகிறது: 'கெட் யூஸ்ட் டு' என்றால் பழகிப்போவது. 'ஐ காட் யூஸ்ட் டு தி நாய்ஸ்', அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு வாக்' என்பது வேறு, முன்பெல்லாம் நடப்பேன் என்று பொருள். முதலாவதில் 'டு'வுக்குப் பின்னால் வினை வந்தால் 'வாக்கிங்' என்று 'இங்' சேரும், இரண்டாவதில் சேராது.

'கெட் டு ஹோம்' சரியா, 'கெட் ஹோம்' சரியா?

'கெட் ஹோம்'. 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' ஆகிய சொற்களுக்கு முன்னால் 'டு' வராது. மற்ற இடங்களுக்கு வரும்: 'கெட் டு தி ஸ்டேஷன்', 'கெட் டு வொர்க்'. தமிழில் 'வீடு வந்து சேர்ந்தேன்' என்று உருபு இல்லாமல் சொல்கிறோமே, அதை நினைவில் வைத்தால் 'ஹோம்' மறக்காது.

'ஹி வாஸ் ஹர்ட்', 'ஹி காட் ஹர்ட்': இரண்டும் ஒன்றா?

செய்தி ஒன்று, தொனி வேறு. பள்ளியில் செயப்பாட்டு வினை என்று படித்தது 'வாஸ்' போட்ட வடிவம். அதைத் தமிழில் எழுதினால் 'தாக்கப்பட்டான்', 'அனுப்பப்பட்டது' என்று வரும், வீட்டுப் பேச்சில் அப்படி யாரும் பேசுவதில்லை. நாம் சொல்வது 'அடிபட்டான்', 'மாட்டிக்கொண்டான்', 'தொலைந்துபோனேன்', 'உடைந்துபோச்சு'. இந்தப் பேச்சு வடிவத்துக்கு நேரான ஆங்கிலம்தான் 'கெட்' போட்ட செயப்பாட்டு வினை. 'ஹி காட் ஹர்ட்', 'ஐ காட் லாஸ்ட்', 'தி விண்டோ காட் ப்ரோக்கன்'. எதிர்பாராமல் நடந்தது, ஒருவரைப் பாதித்தது என்ற உணர்வு இதில் தங்கியிருக்கும். ஒரு கட்டடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று தகவல் சொல்லும் இடத்தில் 'வாஸ் பில்ட்' என்றே சொல்லுங்கள், அங்கே 'காட்' ஒட்டாது.

கல்யாணத்துக்கும் இதுதான். 'தே காட் மேரிட்', அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. யாரோடு என்று சொல்லும்போது 'வித்' வராது, 'டு' வரும்: 'ஷி காட் மேரிட் டு எ டீச்சர்'. தமிழின் 'ஓடு' நம்மை 'வித்' பக்கம் இழுக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

'முடி வெட்டினேன்' என்பதை 'ஐ கட் மை ஹேர்' என்றேன். நீங்களே வெட்டிக்கொண்டீர்களா என்று கேட்டார்கள். ஏன்?

ஏனென்றால் நீங்கள் சொன்னதற்கு அதுதான் பொருள். தமிழில் யார் கத்தரி பிடித்தார் என்பதை நாம் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. 'முடி வெட்டினேன்', 'பல் பிடுங்கினேன்', 'போட்டோ எடுத்தேன்' என்று நம்மையே எழுவாயாக வைத்துச் சொல்லிவிடுகிறோம், பிறர்தான் செய்தார் என்பது கேட்பவருக்குத் தானாகப் புரிகிறது. ஆங்கிலத்தில் அது தானாகப் புரியாது. 'ஐ புல்ட் அவுட் மை டூத்' என்றால் குறடை எடுத்து நீங்களே பிடுங்கிக்கொண்டதாகக் காட்சி தெரியும்.

பிறரைக் கொண்டு செய்வித்ததைச் சொல்ல, 'கெட்', பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம் என்ற வரிசை வேண்டும். 'ஐ காட் மை ஹேர் கட்'. 'ஐ காட் மை டூத் புல்ட் அவுட்'. 'ஐ காட் மை வாட்ச் ரிப்பேர்ட்'. வரிசை மாறினால் வாக்கியம் உடைந்துவிடும். 'ஐ காட் ரிப்பேர்ட் மை வாட்ச்' என்று எழுதுபவர்கள் ஏராளம். பொருளின் பெயர் நடுவில்தான் நிற்க வேண்டும். இதே வரிசையில் 'ஹேட்' போட்டு 'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றும் சொல்லலாம், அது சற்று மரியாதையான நடை.

செய்த ஆளையும் குறிப்பிட வேண்டும் என்றால் அமைப்பு மாறும். 'ஐ காட் மை ப்ரதர் டு ஃபிக்ஸ் இட்', தம்பியிடம் சொல்லி அதைச் சரிசெய்ய வைத்தேன். ஆளுக்குப் பின்னால் 'டு' கட்டாயம். 'மேட்' போட்டாலும் 'ஹேட்' போட்டாலும் 'டு' வராது: 'ஐ மேட் ஹிம் ஃபிக்ஸ் இட்', 'ஐ ஹேட் ஹிம் ஃபிக்ஸ் இட்'. மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் அழகானது. 'மேட்' என்றால் விருப்பமில்லாதவரையும் செய்ய வைத்தது. 'ஹேட்' என்றால் சொன்னேன், செய்தார், அது அவருடைய வேலை. 'காட்' என்றால் பேசி, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைத்தது. இங்கேயும் 'வந்து சேர்தல்' என்ற அதே பொருள்தான் ஓடுகிறது: செய்ய மனமில்லாமல் இருந்தவரைச் செய்யும் நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

'ஐ காட் டு மீட் ஹெர்', 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹெர்': ஒரு 'ஹேவ்'தானே வித்தியாசம்?

அந்த ஒரு 'ஹேவ்' பொருளை முழுதாக மாற்றிவிடும். முதலாவது, அவரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நடந்து முடிந்தது, மகிழ்ச்சியோடு சொல்வது. இரண்டாவது, அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். இன்னும் நடக்கவில்லை, கட்டாயம்.

சிக்கல் எங்கே என்றால், வேகமான பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'ஐ'வ்' ஆகி, அதுவும் காணாமல் போய், 'காட் டு' என்பது 'காட்டா' என்று ஒலிக்கும். 'ஐ காட்டா கோ' என்று ஒருவர் எழுந்தால், எனக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளம்பியாக வேண்டும் என்கிறார். எழுத்தில் 'காட்டா'வைத் தவிர்ப்பது நல்லது.

'ஐ ஹேவ்', 'ஐ ஹேவ் காட்': என்னிடம் இருக்கிறது என்று சொல்ல எது நல்லது?

இரண்டும் ஒன்றே. 'ஹேவ் காட்' பேச்சுவழக்கு, பிரிட்டனில் மிகுதி. வடிவில் 'காட்' இருந்தாலும் காலம் நிகழ்காலம்தான். கேள்வி கேட்கும்போது கலந்துவிடாதீர்கள். 'டூ யூ ஹேவ் எ பென்?' அல்லது 'ஹேவ் யூ காட் எ பென்?'. 'டூ யூ ஹேவ் காட்' என்று ஒரு வடிவம் கிடையாது. இறந்தகாலத்துக்குப் போனால் 'ஐ ஹேட்' போதும்.

'காட் இட்', 'ஐ டோன்ட் கெட் இட்' என்கிறார்களே, அங்கே என்ன கிடைக்கிறது?

பொருள் பிடிபடுகிறது. 'காட் இட்' என்றால் புரிந்தது. 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் பிடிபடவில்லை. இந்தப் 'பிடிபடு' என்ற தமிழ்ச்சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். 'கெட்' என்பதன் மிகப் பழைய வேருக்குக் கையால் பிடிப்பது என்றே பொருள். அதே வேரிலிருந்து லத்தீன் மொழி வழியாக வந்த இன்னொரு சொல் 'காம்ப்ரிஹெண்ட்', அதற்கும் புரிந்துகொள்வது என்றே பொருள். புரிவதைப் பிடிப்பதாகவே எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். மேலதிகாரியிடம் பேசும்போது 'காட் இட்' கொஞ்சம் சுருக்கமாகத் தோன்றலாம், 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்றால் மரியாதை குறையாது.

'கெட்'டோடு 'அப்', 'ஆஃப்', 'ஓவர்' என்று சேர்ந்து வருபவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தவை ஒரு வாரத்தில் ஒன்றோடொன்று குழம்பிவிடும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். தினமும் தேவைப்படுபவை சில.

படுக்கையைவிட்டு எழுவது 'கெட் அப்'. கண் விழிப்பது மட்டும் 'வேக் அப்'. ஆறு மணிக்கு 'வேக் அப்' ஆகி, ஏழு மணிக்கு 'கெட் அப்' செய்பவர்கள் உண்டு.

வண்டிகளில் ஏறி இறங்குவதற்கு இரண்டு ஜோடிகள். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரும் கார் என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. காலைப் போட்டு உட்காரும் சைக்கிளும் குதிரையும் 'ஆன்', 'ஆஃப்' பக்கம். இது தெரிந்தால் பெரும்பாலும் தவறாது.

மனிதர்களோடு ஒத்துப்போவது 'கெட் அலாங்'. நோயிலிருந்தோ துயரத்திலிருந்தோ மீள்வது 'கெட் ஓவர்'. தொலைத்துக்கட்டுவது 'கெட் ரிட் ஆஃப்'. இருப்பதை வைத்துக் காலந்தள்ளுவது 'கெட் பை'. தப்பு செய்தும் தண்டனை இல்லாமல் நழுவுவது 'கெட் அவே வித்'. பிறகு பதில் சொல்கிறேன் என்பது 'ஐ'ல் கெட் பேக் டு யூ'. கடைசியாகச் சொன்னது அலுவலகக் கடிதங்களில் மிகவும் பயன்படும். அந்த இடத்தில் 'ரிவர்ட்' என்று எழுதும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அந்தச் சொல்லின் பொதுவான பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது, ஆகவே வெளியில் இருப்பவர்கள் குழம்புகிறார்கள்.

மற்றவற்றைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் வாக்கியத்தோடு பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் தனியாகப் பிய்த்து எழுதி வைக்காதீர்கள்.

எழுத்தில் 'கெட்' வரவே கூடாது என்று ஆசிரியர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. ஆய்வுக் கட்டுரையிலும் விண்ணப்பத்திலும் 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்', 'அரைவ்' போன்றவை பொருத்தம், அவை பொருளைத் துல்லியமாகவும் காட்டும். ஒரே பத்தியில் நாலு 'காட்' வந்தால் படிப்பவருக்கும் சலிக்கும். ஆனால் நண்பருக்கு எழுதும் கடிதத்தில் 'ஐ ரிசீவ்ட் ஆங்கர்' என்று வளைத்து எழுதுவது தவறு, 'ஐ அரைவ்ட் அட் மை ஹோம்' என்பது விறைப்பு. 'கெட்'டைக் கண்டு பயந்து பயந்தே பலருடைய பேச்சு ஆங்கிலம் அரசாணை போல ஆகிவிடுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

படித்தால் புரிகிறது, பேசினால் காதில் விழவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இந்தச் சொல் தனியாக ஒலிப்பது அபூர்வம், அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கர்கள் சொல்லும் 'கெட் இட்' நம் காதுக்கு 'கெடிட்' என்று கேட்கும், 'கெட் அப்' 'கெடப்' ஆகும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே டகரம் மெலிந்துவிடுகிறது. தமிழில் 'பட்டு' என்பதற்கும் 'படு' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கு அத்துப்படி, ஆகவே இதைப் பிடிப்பது கடினமல்ல. 'காட் யூ' என்பது 'காச்சா' என்று கேட்கும். ஒரே சொல்லைத் தேடாமல், ஒட்டிய துண்டையே ஒரு சொல்லாகக் காதில் வாங்குங்கள்.

இதைப் பழக எங்கிருந்து தொடங்குவது?

நோட்டின் நடுவே கோடு போடுங்கள், அந்த மாணவி போட்டதுபோலவே. ஆனால் இடப்பக்கம் தமிழை எழுதுங்கள். அன்று உங்களுக்கு நடந்த நாலைந்து விஷயங்கள் போதும், வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே: எனக்கு லீவு கிடைத்தது, கோபம் வந்துவிட்டது, மழையில் நனைந்துபோனேன், கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினேன். பிறகு வலப்பக்கம் 'ஐ காட்' என்று தொடங்கி, அடுத்து எந்தச் சொல் நிற்கவேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். 'லீவ்', 'ஆங்ரி', 'வெட்', 'மை வாட்ச் ரிப்பேர்ட்'.

அந்த மாணவி தன் நோட்டைத் திருத்திக்கொண்டு வந்து காட்டினாள். கேள்விக்குறி இருந்த இடத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே, 'வீடு வந்து சேர நேரமாகிவிட்டது'.